காம்பவுண்டு சுவர்: எந்தக் கல், எந்தக் கம்பி?



நீங்க சிவில் படிச்சாலும் சரி, மெக்கானிக்கல் படிச்சாலும் சரி, சொந்தக்காரங்களுக்கு நீங்க "இன்ஜினியர்" தான். ஊர்ல மனை வாங்கின கையோட சித்தப்பா போன் போடுவார்: "தம்பி, காம்பவுண்டு போடலாம்னு இருக்கோம். செங்கல்லா, ஹாலோ பிளாக்கா, இல்ல கம்பி வேலியே போதுமா?" ரேட்டை மட்டும் பார்த்து இதுக்குப் பதில் சொல்லிடாதீங்க. காம்பவுண்டு சுவர் விழுந்தா, பெரும்பாலும் அது கட்டினவங்க மேல விழாது. வெளியே நடந்து போறவங்க மேலயோ, பக்கத்து வீட்டு மேலயோதான் விழும்.

2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையில் ஒரு வீட்டின் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் சரிந்து பக்கத்து வீடுகள் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். கல் உறுதியான பொருள்தான். ஆனால் பொருள் உறுதியாக இருப்பதும் சுவர் நிலையாக நிற்பதும் ஒன்றல்ல. கட்டுரையின் மையமே இந்த வித்தியாசம்தான்.

சுவரைத் தள்ளுவது யார்?

வீட்டுச் சுவருக்கு மேலே கூரை இருக்கு, குறுக்கே வேற சுவர்கள் இருக்கு. எல்லாம் சேர்ந்து பிடிச்சுக்கும். காம்பவுண்டு சுவருக்கு அப்படி யாரும் இல்லை. அது தரையில் நட்டு வைத்த ஒரு கான்டிலீவர். மேலிருந்து வரும் பாரம் அதுக்குப் பெரிய பிரச்சினை இல்லை, பக்கவாட்டில் வரும் தள்ளுதான் பிரச்சினை.

முதலில் காற்று. 6 அடி, அதாவது 1.8 மீட்டர் உயர செங்கல் சுவரில் 1 மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்குவோம். மணிக்கு 108 கி.மீ. காற்று என்றால் வினாடிக்கு 30 மீட்டர். 0.6 × 30² போட்டால் சதுர மீட்டருக்கு 540 நியூட்டன் அழுத்தம் வரும். சுவரின் அடியில் அது உண்டாக்கும் கவிழ்க்கும் திருப்புத்திறன் சுமார் 875 நியூட்டன் மீட்டர்.

சுவர் தன் எடையால் எவ்வளவு தாக்குப்பிடிக்கும்? செங்கல் கட்டுமானம் கன மீட்டருக்கு 20 கிலோ நியூட்டன் என்று வைத்தால், 9 இன்ச் சுவருக்கு சுமார் 950. நூலிழையில் தப்பிக்குது. 4½ இன்ச் சுவருக்கு வெறும் 238தான்! தடிமன் பாதியானால் தாங்கும் திறன் கால்வாசியாகிடும், ஏன்னா எடையும் பாதி, நெம்புகோல் தூரமும் பாதி. சிமென்ட் கலவையின் பிடிமானத்தை நான் இதில் சேர்க்கவில்லை. வெயிலும் மழையும் பட்டு விரிசல் விட்ட பழைய சுவரில் அதை நம்பவும் முடியாது. ஐ.எஸ். 875 சென்னைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர் என்பதையும் நினைவில் வைங்க.

அடுத்தது தண்ணீர். சுவரின் ஒரு பக்கம் மட்டும் 1 மீட்டர் உயரத்துக்கு மழைநீர் தேங்கினால், கவிழ்க்கும் திருப்புத்திறன் சுமார் 1,635. அந்தக் காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு! இது ஆழத்தின் மும்மடியில் ஏறும், அதாவது தண்ணீர் இரண்டு மடங்கு ஏறினால் தள்ளு எட்டு மடங்கு. நனைந்த மண்ணும் இப்படித்தான் தள்ளும். மனையை மேடாக்க உள்பக்கம் கிராவல் கொட்டி சுவர் ஓரமாவே நிரப்பிடுறாங்க இல்லையா? அந்த நிமிஷத்தில் அது காம்பவுண்டு சுவர் இல்லை, ரீட்டெய்னிங் வால். அதற்கு டிசைனே வேற.

இப்போ பொருளுக்கு வருவோம்

செங்கல், ஃப்ளை ஆஷ் கல், சாலிட் பிளாக்: எடை இருக்கு, அது இங்கே நல்ல குணம். 9 இன்ச் சுவராக இருந்தாலும் சுமார் 10 அடிக்கு ஒரு பில்லர் வேணும். 4½ இன்ச்தான் கட்டுப்படியாகும்னா, ஆர்.சி.சி. தூணும் பீமும் போட்ட சட்டத்துக்குள் நிரப்பும் சுவராக மட்டும் கட்டுங்க. தூணின் கம்பி ஃபூட்டிங்கிலிருந்தே வரணும், தரைமட்டத்தில் தொடங்கினால் அது வெறும் அலங்காரம்.

ஹாலோ பிளாக்: வேலை சீக்கிரம் முடியும், ஆனால் எடை குறைவு. குறிப்பிட்ட இடைவெளியில் ஓட்டைகளுக்குள் கம்பி இறக்கி கான்கிரீட் நிரப்பினால் நல்ல சுவர்.

ஏ.ஏ.சி. பிளாக்: மாடிக் கட்டடத்தில் எடை குறைவது லாபம். தனியாக நிற்கும் சுவரில் அதுவே நஷ்டம். எடையை மட்டும் நம்பினால் 8 இன்ச் ஏ.ஏ.சி. சுவர், 4½ இன்ச் செங்கல் சுவர் அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும்.

ப்ரீகாஸ்ட் ஸ்லாப்: குழி எடுத்து தூணை நட்டு, இடையில் ஸ்லாப்களைச் சொருகுவாங்க. காலி மனைக்கு வசதி, பிறகு கழற்றவும் செய்யலாம். ஆனால் காற்றின் தள்ளு மொத்தமும் தூணுக்குத்தான் போகும். 2 மீட்டருக்கு ஒரு தூண் என்றால், மேலே பார்த்த அதே காற்றில் ஒவ்வொரு தூணுக்கும் சுமார் 1,750. குழி ஆழத்தையும் அதில் போடும் கான்கிரீட்டையும் நின்னு பார்த்து வாங்குங்க.

செயின் லிங்க் வலை, முள்கம்பி: காற்றும் வெள்ளமும் ஊடே போய்விடும், விழுந்தாலும் ஆளைக் கொல்லாது. மூலைத் தூண் மட்டும் கம்பியின் இழுவையில் சாயும், அதுக்குச் சாய்வாக முட்டுக்கல் கொடுக்கணும். கடற்கரைப் பக்கம்னா உப்புக்காற்றில் சாதாரண ஜி.ஐ. கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், பி.வி.சி. பூச்சு உள்ளதைக் கேளுங்க.

உயிர்வேலி: கொங்குப் பக்கம் தோட்டங்களில் கிளுவைப் போத்து நட்டு வேலி ஆக்குவாங்க. வளர நாளாகும், கவாத்தும் செய்யணும். பெரிய மனைக்கு, கம்பி வேலியோட சேர்த்து வைக்கலாம்.

இரண்டும் கலந்த வழி: கீழே 3 அடிக்கு 9 இன்ச் சுவர், மேலே கிரில் அல்லது ஜாலி. உயரம் பாதியானதும் காற்றின் கவிழ்க்கும் தள்ளு கால்வாசியாகும், சுவரின் தாங்கும் திறன் பாதிதான் குறையும். அதனால் பாதுகாப்பு இரண்டு மடங்கு. வீட்டு மனைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மண்ணைக் கேட்காம முடிவெடுக்காதீங்க

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஆழமில்லாத அஸ்திவாரம் அதோட சேர்ந்து ஏறி இறங்கும், சுவர் துண்டு துண்டாக விரியும். அங்கே ஈரம் மாறாத ஆழம் வரை இறங்கும் குட்டை பைல் போட்டு, மேலே பீம் ஓட்டி, அதன்மேல் சுவர் எழுப்புவது நல்லது. புதுசா மண் கொட்டி நிரப்பின மனையில், கொட்டின மண்ணைத் தாண்டி பழைய கெட்டி மண் வரை தோண்டணும்.

சித்தப்பாகிட்ட கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. சர்வேயர் வைத்து அளந்தாச்சா? புலப்படத்தில் இருக்கும் எல்லையும் பழைய வேலியும் ஒண்ணா? உயர விதியை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டாச்சா?
2. சுவரின் இரண்டு பக்கமும் தரைமட்டம் ஒண்ணா? இல்லைன்னா ரீட்டெய்னிங் வால் கணக்கு போடணும்.
3. மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடுது? அது வெளியேற அடியில் ஓட்டைகள் விட்டாச்சா? பிறகு மண் அடைக்காமல் பார்த்துக்கணும்.
4. பில்லர் எத்தனை அடிக்கு ஒண்ணு? அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்?
5. சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்காங்க? வீடா, பஸ் ஸ்டாப்பா, பிள்ளைங்க விளையாடுற இடமா?

முதல் நாலுக்கும் மேஸ்திரியும் சர்வேயரும் பதில் சொல்லிடுவாங்க. அஞ்சாவதை யாரும் கேட்க மாட்டாங்க, அதை நீங்கதான் கேட்கணும். இருக்கிற பழைய சுவர் சாய்ந்திருந்தாலோ, அடியில் நீளவாக்கில் விரிசல் இருந்தாலோ, பூசி மறைக்கச் சொல்லாதீங்க. மழைக்காலம் தொடங்கும் முன்னாடியே இறக்கச் சொல்லுங்க.