வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. நமக்கு உரிமை உண்டு

பேச்சிப்பாறை சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களுக்கு, விடியும் முன்பே பால்வெட்டக் கிளம்புகிறவர்களில் நம் சனங்களும் காணி மக்களும் உண்டு. அந்த நேரத்துக்குப் பேருந்து கிடைக்காது. பைக்கின் பின்னால் உட்கார்ந்தோ, சுமை டெம்போவில் நின்றுகொண்டோதான் போகிறார்கள். விபத்து நடந்தால் ஆம்புலன்சுக்கு அடுத்து வருவது, 'பேசி முடிச்சிருவோம்' என்கிற குரல்.

மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால் அந்தக் குரல் இன்னும் வேகமாக வரும். 'கேஸ் போட்டா ஒண்ணும் கிடைக்காது' என்று சொல்கிறவர் பல நேரங்களில் வேலை கொடுக்கிறவர், அல்லது அவருக்கு வேண்டியவர். நாளைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். கையில் வைக்கிற சில ஆயிரங்களுக்கு நாம் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

சட்டம் சொல்வது வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுப்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது இல்லையென்றால் இழப்பீடு மறைந்துபோவதில்லை. ஓட்டியவரும் உரிமையாளரும் கொடுக்க வேண்டும். அவர்கள் கையை விரித்தால்? அதற்குத்தான் 2018இல் உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. உரிமையாளர் போதிய பிணை கட்டாவிட்டால், காப்பீடு இல்லாத வண்டியை விடுவிக்கக் கூடாது. ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். இதற்கு விதி செய்யும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. வழக்கே பதியாமல் பேசி முடித்தால், இந்தப் பிடி நம் கையைவிட்டுப் போகிறது.

இன்னொரு பள்ளமும் உண்டு. காப்பீடு இருந்தாலும், சுமை வண்டியில் சும்மா ஏறிப் போகிறவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே உள்ள பைக்கில் பின்னால் உட்காருகிறவர் நிலையும் பெரும்பாலும் இதுதான். ஆகவே வேலைக்கு ஆள் ஏற்றுகிறவர்களிடம் பயணிகள் வண்டி கேட்பது சலுகை அல்ல, உயிர்ப் பாதுகாப்பு.

விபத்து நடந்தால் முதலில் காவல் நிலையத்தில் வழக்குப் பதிய வேண்டும்; முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்க வேண்டும். தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் போட வேண்டும். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் உண்டு.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

படிக்கும் பிள்ளைகள் இன்றே ஒரு வேலை செய்யலாம். வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையிலான வீட்டாரைப் பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். எதிரே வந்தவனுக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.