உயரம் குறைந்தவருக்கு எந்த இடம்?

புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கம் முகூர்த்த நாட்களில் சில கல்யாண மண்டபங்களின் வாசலில் ஒருவர் நிற்பார். சாப்ளின் தொப்பி, ஒட்டு மீசை, கையில் குச்சி. மூன்றரை அடி உயரம் இருந்தால் அதிகம். வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுப்பார். பிள்ளைகள் தொப்பியைத் தட்டிவிட்டு ஓடும், பெரியவர்கள் செல்ஃபி எடுப்பார்கள். "சாப்பிட்டீங்களா?" என்று அவரைக் கேட்கிறவர் அபூர்வம்.

உயரத்தைக் காட்டிப் பிழைக்கும் இந்தத் தொழிலில் 19ஆம் நூற்றாண்டில் உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்காவின் சார்லஸ் ஸ்ட்ராட்டன். 1838இல் பிரிட்ஜ்போர்ட் நகரில், மற்றக் குழந்தைகளைவிடக் கனமாகவே பிறந்தார். ஆறு மாதத்தில் வளர்ச்சி நின்றுபோனது. ஐந்து வயது நிரம்பும் முன்பே பி. டி. பார்னம் என்ற காட்சி முதலாளி அவரை வாரச் சம்பளத்துக்கு அமர்த்தினார். 'ஜெனரல் டாம் தம்ப்' என்று பெயர் வைத்து, வயது 11 என்று கூட்டி விளம்பரம் செய்தார். ஆட்டம், பாட்டு, நெப்போலியன் வேஷம் எல்லாம் பழக்கினார்கள். 1844இல் விக்டோரியா அரசியின் முன்னால் ஆடினார். 1863இல் தம்மைப் போலவே உயரம் குறைந்த லவினியா வாரனை மணந்தபோது, ஜனாதிபதி லிங்கனே தம்பதியை வெள்ளை மாளிகைக்கு அழைத்து வாழ்த்தினார். 1869இல் புறப்பட்டு மூன்றாண்டு உலகம் சுற்றியபோது அவர்கள் குழு இந்தியாவுக்கும் வந்தது.

பணம், புகழ் இரண்டும் வந்தன. ஆனால் நாலு வயதுப் பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. லவினியாவோ மேடைக்கு வருமுன் ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. பாடம் நடத்தத் தெரிந்தவரையும் உலகம் டிக்கெட் வாங்கித்தான் பார்த்தது. என் மனதை அதிகம் வருத்துவது அதுதான்.

நம் பக்கம் சர்க்கஸ் ஜோக்கர் வேலை, பிறகு சினிமாவில் சில நிமிட நகைச்சுவை. 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' உயரம் குறைந்தவரைக் கதாநாயகனாக்கியது. ஆனால் நடித்தவர் உயரம் குறைந்தவரல்ல, கமல்ஹாசன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குள்ளத்தன்மையையும் பட்டியலில் சேர்த்தது. 147 சென்டிமீட்டரோ அதற்குக் குறைவோ உயரமுள்ள பெரியவர்கள் அதில் வருவார்கள். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் கிடைத்தால் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். பொது இடத்தில் அவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்துகிறவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை.

ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில், உயரம் குறைந்தவர்களுக்கான பேட்மிண்டன் பிரிவில், இந்தோனேசியாவின் ரினா மர்லினாவை 21-14, 21-6 என்று வென்று வெண்கலம் பெற்றார். அர்ஜுனா விருதும் வந்தது. அவர் அடித்த இறகுப்பந்தைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது, உயரத்தைப் பார்க்க அல்ல.

நம் புதுச்சேரியின் கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமங்களில் இன்னும் பஸ்ஸின் முதல் படி உயரம் குறைந்தவர்களுக்கு இடுப்பளவு. கம்பி எட்டாது. படியில் உள்ளங்கையை ஊன்றி, முழங்காலை வைத்து ஏறுவதற்குள் பின்னாலிருப்பவர் அவசரப்படுகிறார். ரேஷன் கடையிலும் ஏடிஎம்மிலும் இதே கதை. கொம்யூன் பஞ்சாயத்துகள் தங்கள் அலுவலகத்தில் ஒரு ஜன்னலையாவது தாழ்த்தி வைக்கட்டும்.

கல்யாண வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் நிற்கிறவருக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள், பெயர் சொல்லி அழைத்து முதல் பந்தியில் உட்கார வையுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு அவரை விருந்தாளியாகக் கூப்பிடுங்கள்.