பனி மாதத்திலும் அடுப்பில் கறி வேகணும்

(பொது மரக்கறித் தோட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை வேலைகள்)



தீபாவளி முடிந்ததும் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாங்கிய முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் கழியும். தை, மாசியில் மழை நின்று, ராத்திரியில் பனி, பகலில் காய்ச்சல் வெயில் என்று ஆகும். கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் பேரும் குறையும். அதே நேரத்தில் பனியில் மரக்கறி அழிந்தால் கடையில் விலையும் ஏறும். ஆகவே நமது பொதுத் தோட்டம் அதிகமாகக் கைகொடுக்க வேண்டியது அந்த இரண்டு மாதத்தில்தான். அதற்கான வேலையை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் செய்ய வேண்டும். தை பிறந்த பிறகு யோசித்தால் ஒன்றும் நடக்காது.

நான் செய்த பிழை

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், பிள்ளை மடுவத்துக்குக் கீழே இருந்த பள்ளக் காணியில் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து தோட்டம் போட்டார்கள். சீக்கிரம் காய்க்குமே என்று போஞ்சி விதையும் உருளைக்கிழங்கும் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். கார்த்திகையில் நட்டார்கள். மார்கழியில் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. தை மாதம் ஒரு ராத்திரி வானத்தில் ஒரு முகில் இல்லை, காற்றும் இல்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போனவர்கள் பார்த்தபோது காணி முழுவதும் உப்புக் கொட்டியது போல வெள்ளை. வெயில் ஏறியதும் எல்லா இலையும் கறுத்துத் தொங்கிவிட்டது. "ஐயா, வெந்நீர் ஊத்தின மாதிரி கிடக்குதுங்க" என்று ஒரு அம்மா சொன்னார். வேறு யாரும் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எனக்குக் கூட வருத்தம்.

அந்தக் காணியின் ஓரத்தில், மிச்சமான கன்று என்று யாரோ இரண்டு வரிசை லீக்ஸும் ஒரு சின்னப் பாத்தி கரட்டும் போட்டிருந்தார்கள். அவை மட்டும் ஒன்றும் ஆகாமல் நின்றன. மாசி மாதம் வரை அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் தோட்டத்தில் இருந்து கிடைத்தது அது ஒன்றுதான்.

ஏன் ஒன்று கருகுது, ஒன்று நிற்குது?

செடியின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். கடும் குளிரில் அந்தத் தண்ணீர் ஐஸாக உறையும்போது இலையின் நுண்ணிய அறைகள் உடைந்து போகும். போஞ்சி, உருளைக்கிழங்கு, தக்காளி, பூசணி, கறிமிளகாய் இவையெல்லாம் இதைத் தாங்காது. லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட், நோக்கோல், ராபு ஆகியவை குளிர் தேசத்தில் பழகிய பயிர்கள். குளிர் ஏற ஏற இவை தம் உடம்பில் சீனிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் சீக்கிரம் உறையாதது போல, சீனி கலந்த சாறும் சீக்கிரம் உறையாது. பனி மாதத்துக் கரட் கூடுதல் இனிப்பாக இருப்பதும் இதனால்தான். இங்கிலாந்தில் பனிக்காலம் முழுவதும் லீக்ஸை நிலத்திலேயே விட்டு, வேண்டும்போது பிடுங்குவார்கள். அங்கே அவர்களுக்கு மண்ணே களஞ்சியம்.

இந்த மரக்கறிகள் நமது மலைக்கு வந்து ரொம்பக் காலம் ஆகவில்லை. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் தன் நாட்டுப் பயிர்களை இங்கே நட்டுப் பார்த்தார். காட்டை வெட்டிய மண் கொழுத்த மண் என்று நினைத்து ஏமாந்தார். எரு போட்ட பிறகே விளைந்தது. நமக்கும் அதே பாடம்தான்.

குளிர் எங்கே தங்கும்?

குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீர் போல மேட்டில் இருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே ஒரே தோட்டத்தில் மேட்டு லயத்துப் பக்கம் ஒன்றும் ஆகாமல், ஆற்றோரக் காணி மட்டும் கருகும். பள்ளத்தில் லீக்ஸ், கோவா, கரட் போடுங்கள். போஞ்சி வேண்டுமென்றால் மேட்டில் கொஞ்சமாகப் போடுங்கள். காணியின் கீழ்ப்பக்கம் வேலி அடர்த்தியாக இருந்தால், குளிர்காற்று வழிந்து போக இரண்டு இடத்தில் வழி விடுங்கள்.

நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவெல, பட்டிப்பொல பக்கம் உறைபனிக்குப் பயந்தே ஆகணும். அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் உறைபனி அரிது. அங்கே தை, மாசியில் மண் காய்வதுதான் தொல்லை. இரண்டு பக்கத்துக்கும் மேலே சொன்ன பயிர்கள் பொருந்தும்.

இப்போது செய்ய வேண்டிய வேலைகள்

1. பழைய செடிகளை எடுங்கள். காய்த்து முடிந்த போஞ்சிக் கொடி, நோயில்லாத இலை எல்லாம் எருக்குவியலுக்குப் போகட்டும். கோவாவைப் பிடுங்கும்போது வேர் முண்டு முண்டாக வீங்கி இருந்தால் அது வேர்வீக்க நோய். அந்த வேரை எருக்குவியலில் போடக் கூடாது. காணிக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். அந்தப் பாத்தியில் கோவா, நோக்கோல், ராபு மூன்றையும் சில வருடங்களுக்கு வைக்காமல் லீக்ஸ் அல்லது கரட் போடுங்கள். அங்கே பாவித்த மம்மட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டு போகாதீர்கள். மண்ணோடு நோயும் போகும்.

2. விதைக்கு விடுங்கள். நல்ல போஞ்சிச் செடி நாலைந்தில் காயைப் பறிக்காமல் முற்றிக் காய விடுங்கள். உரித்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் மூடி வைத்தால் பனி முடிந்து நட விதை ஆச்சு. கோவா, கரட்டுக்கு இது சரிவராது. கடையில் வாங்கும் கலப்பின விதையில் இருந்து விதை எடுத்தால் அடுத்த முறை ஒரே மாதிரி விளையாது.

3. கான்களைத் துப்புரவு செய்யுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள், மேலிருந்து கீழாகப் போடாதீர்கள். லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டின் அடியை வெட்டி இடம் எடுக்கவே வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்று பார்த்தோம். ஒரு பாத்தி கோவாவுக்காக வீட்டின் முதுகைத் தோண்டக் கூடாது.

4. எரு போடுங்கள். நன்றாக மக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ பாத்தியில் கலந்து விடுங்கள். புது எருக்குவியலும் இப்போதே கட்டுங்கள். குளிரில் மக்குவதற்கு நாள் எடுக்கும். 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது, அவசரத்துக்குத் தேடினால் எரு கிடைக்காது என்று எல்லோரும் படித்துக்கொண்டோம். ரோட்டோரத்துக் காட்டுச் சூரியகாந்தி இலை குவியலுக்கு நல்லது.

5. நடுங்கள். ஆவணி, புரட்டாசியில் மேடை போட்ட லீக்ஸ் கன்று பென்சில் மொத்தம் வந்திருக்கும். அதை ஐப்பசியில் நட்டால் மாசியில் பிடுங்கலாம். ஐப்பசியில் தூவிய கரட்டும் பீட்ரூட்டும் தை மாதத்தில் கைக்கு வரும். கோவாக் கன்றைக் கார்த்திகைக்குள் நட்டுவிடுங்கள். பனி தொடங்குவதற்குள் செடி வேர் பிடித்து உரமேறி இருக்கணும். பிஞ்சுக் கன்று என்றால் கோவாவும் தாங்காது.

6. மண்ணை மூடுங்கள். மழை குறைந்ததும் மானாப்புல்லோ குவாட்டமாலாப் புல்லோ வெட்டி வரிசைகளுக்கு இடையில் பரப்பினால் ஈரம் நிற்கும். அட்டன் பக்கத்துக்கு இது முக்கியம்.

உறைபனி விழும் என்று தெரிந்தால்

பகலில் நல்ல வெயில், மாலையில் முகில் இல்லை, காற்றும் இல்லை என்றால் அன்று ராத்திரி எச்சரிக்கை. மத்தியானமே பாத்திக்குத் தண்ணீர் விடுங்கள். ஈரமண் பகல் சூட்டைப் பிடித்து வைத்து ராத்திரியில் விடும். கன்று மேடைக்கு மேல் கம்பு நட்டுச் சாக்கு போடுங்கள், சாக்கு இலையில் படக் கூடாது. காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். வெள்ளை பிடித்துவிட்டால் வெயில் படும் முன், பெரட்டுக்குப் போகும் முன், பூவாளியால் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுங்கள். மருந்து அடித்த கலனை இதற்கு ஒருபோதும் எடுக்காதீர்கள்.

பங்கு பற்றி ஒரு வார்த்தை

மண்ணிலேயே விட்டுவைக்கும் பயிரில் ஒரு சிக்கல் உண்டு. எல்லோர் கண்ணிலும் படும். நான் சொன்ன அந்தத் தோட்டத்தில், மறுவருடம் பொங்கலுக்கு முதல் நாள் ஒரு வீட்டார் ஒரு வரிசை லீக்ஸை முழுவதுமாகப் பிடுங்கிவிட்டார்கள். சொந்தக்காரர் வந்தார்களாம். மூன்று வாரம் அந்த லயத்தில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மாதர் சங்கத்து அக்காமார் கூடி ஒரு கொப்பி போட்டார்கள். ஞாயிறு காலையில் மட்டும் பிடுங்குவது, இரண்டு பேர் முன்னால் பிடுங்குவது, ஒன்று விட்டு ஒன்று எடுப்பது என்று முடிவு செய்தார்கள். அப்படி எடுத்தால் மிச்சம் நிற்பதும் மொத்தமாகும். முதல் பங்கு பிள்ளை மடுவத்துப் பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுக்கு. சுகமில்லாதவர், வயதானவர் வீட்டுக்கு வேலை செய்யாவிட்டாலும் ஒரு பங்கு. அதன் பிறகு சண்டை வரவில்லை. நீங்களும் நடும் முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

புதிதாகக் காணி எடுப்பதென்றால் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். பயிரில் நோய் கண்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

வருகிற ஞாயிறு ஒவ்வொரு வீட்டில் இருந்தும் ஒருவர் மம்மட்டியோடு வாருங்கள். முதலில் கானை வெட்டுவோம், பிறகு லீக்ஸ் நடுவோம்.

– தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்