குந்தா மலை நடைவழி விடுதிகள்

குந்தா மலை நடைவழி விடுதிகள் என்பவை நீலகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், இன்றைய முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அமைந்துள்ள பழைய தங்குமிடங்கள் ஆகும். இவற்றுள் பங்கித்தப்பல் வன ஓய்வில்லமும் முக்கூர்த்தி மீன்பிடி குடிலும் பரவலாக அறியப்பட்டவை. பொதுமக்கள் வாகனத்தில் செல்ல இவற்றுக்குச் சாலை இல்லை. ஊட்டி, குன்னூர் நகரங்களின் மாளிகை விடுதிகளைப் போல இவை ஓய்வுக்காக எழுந்தவை அல்ல. ஒரு பகலில் கடக்க முடியாத மலையில், இரவைக் குளிரிலும் மழையிலும் கழிக்க நேராமல் காப்பதே இவற்றின் முதற்பயன். சமவெளி நெடுவழிகளில் சத்திரங்கள் செய்த பணியை இங்கு இவை செய்தன.

அமைவிடமும் காலநிலையும்

முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் பரப்பு 78.46 சதுர கி.மீ. ஆகும். கொலாரிபெட்டா (2,629 மீ), முக்கூர்த்தி (2,554 மீ) ஆகிய சிகரங்கள் இதனுள் உள்ளன. மலைமுகடுகளில் புல்வெளியும், மடிப்புகளில் சோலைக்காடும் மாறி மாறி அமைந்த நிலம் இது. தேயிலைத் தோட்டங்கள் இதற்குக் கிழக்கிலேயே நின்றுவிடுகின்றன.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து நேராக வந்து மோதுவது இவ்விளிம்பில்தான். அருகிலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆகத்து 8 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சுமார் 820 மி.மீ. மழை பதிவானது. சென்னை நகரம் ஓராண்டில் பெறும் மழையில் பாதிக்கும் மேலானது இது.

குளிர்காலத்தின் இடர் வேறு வகையானது. டிசம்பர், சனவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் தரை விரைவாக வெப்பத்தை இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது; ஆகவே அது சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. உறைபனி முகட்டைவிடப் பள்ளத்தில் மிகுதியாகப் படிவது இதனாலேயே. தண்ணீருக்காக ஓடைக்கு அருகே கூடாரம் அடிப்பவர், அறியாமலே மிகக் குளிர்ந்த இடத்தைத் தேர்ந்துவிடுகிறார். இத்தகைய இடத்தில் சுவரும் கூரையும் கணப்படுப்பும் உள்ள ஓர் அறையின் அருமை, நனைந்த உடையுடன் ஓர் இரவைக் கழித்தவருக்கே முழுமையாக விளங்கும்.

சிஸ்பாறை வழி

இம்மலைகளில் முதலில் இராத்தங்கியவர்கள் ஆங்கிலேயர் அல்லர். தோடர்கள் தம் எருமைகளை வறண்ட மாதங்களில் குந்தாப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் சென்று, அங்குள்ள பருவகால மந்துகளில் தங்கிவந்தனர். இறந்தோர் உலகம் மேற்கே உள்ளது என்பது அவர்களின் நம்பிக்கை.

1830-களில் ஆங்கில அரசு ஊட்டியிலிருந்து கோழிக்கோட்டுக்கு ஒரு மலைவழியை அமைத்தது. அவலாஞ்சி, பங்கித்தப்பல் வழியாகச் சென்று, குந்தாவின் தென்மேற்கு மூலையிலுள்ள சிஸ்பாறையில் இறங்கி, வாலக்காடு வழியே மலபாரை அடைந்தது அவ்வழி. பம்பாயிலிருந்து கடல்வழி வருவோர் நீலகிரியை அடைய இது குறுக்குவழியாகக் கருதப்பட்டது. அவலாஞ்சி, சிஸ்பாறை, வாலக்காடு ஆகிய இடங்களில் பயணியர் விடுதிகள் கட்டப்பட்டன.

கணக்கு எளியது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 பாகை செல்சியசு வெப்பம் குறைகிறது. கடல்மட்டத்திலிருந்து சிஸ்பாறைச் சிகரத்தின் 2,206 மீட்டர் உயரத்துக்கு ஏறுபவர் ஏறத்தாழ 14 பாகை குளிர்ச்சியைச் சந்திக்கிறார். காற்றும் ஈரமும் அதைப் பன்மடங்காக்கும். துரைமாருக்குக் கம்பளி இருந்தது. அவர்களையும் மூட்டைகளையும் சுமந்துவந்த சமவெளிக்காரர் உடுத்தியிருந்தது பருத்தித் துணி. விடுதி அடுத்த திருப்பத்தில் இருந்ததா, அடுத்த மலையில் இருந்ததா என்பது இவர்களுக்கு உயிர்ப்பிரச்சினை.

செங்குத்தான ஏற்றமும் பெருமழையும் காரணமாக இவ்வழி நிலைக்கவில்லை. குன்னூர் மலைவழி சீரமைந்ததும், பின்னர் 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் மலை இரயில் வந்ததும் இதற்குத் தேவையில்லாமல் செய்தன. கைவிடப்பட்ட பாதை கஞ்சா கடத்துவோருக்குப் பயன்பட்டது. பங்கித்தப்பல் என்னும் பெயரைக் கஞ்சாவைக் குறிக்கும் 'பங்கி' என்ற சொல்லோடு இணைக்கும் விளக்கமும் உண்டு; 'தப்பலு' என்பது கன்னடத்தில் மலையடிச் சரிவைக் குறிக்கும்.

தூண்டிலும் துப்பாக்கியும்

1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் வேட்டையையும் மீன்பிடிப்பையும் வரையறுக்கும் சட்டம் வந்தது. டிரவுட் மீனை இங்கு வளர்க்க பிரான்சிசு டே 1863இல் செய்த முயற்சி பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் அதில் வெற்றி கண்டார். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. அதன்பின் ஓடைக்கரைக் குடில்களின் தேவை கூடியது. முக்கூர்த்தி மீன்பிடி குடிலின் பெயர் அந்தக் காலத்தின் எச்சம். பைக்காரா மின்திட்டத்துக்காக 1938இல் முக்கூர்த்தி அணை கட்டப்பட்டது. அதன் நீர்த்தேக்கக் கரைப் பகுதியிலேயே இக்குடில் உள்ளது.

வேட்டைக்காரர் தங்கிய மலைகளில் பின்னர் விலங்குகளை எண்ணுவோர் தங்கினர். நீலகிரி வரையாட்டைப் பற்றிய தம் கணக்கெடுப்பை இ. ஆர். சி. டேவிதார் 1963இல் வெளியிட்டார். வரையாட்டைத் தொலைவிலிருந்து எண்ண இயலாது. பனிமூட்டம் விலகும் அதிகாலையில் பாறை விளிம்பில் இருந்தாக வேண்டும். அதற்கு முந்தைய இரவை மலையிலேயே கழிக்க வேண்டும். 2024இல் நடத்தப்பட்ட ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் கண்டறியப்பட்டன.

இன்றைய நிலை

இப்பகுதி 1982இல் காட்டுயிர் சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் ஒப்புதலின்றி இதனுள் நுழைய இயலாது. 2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களுள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் தமிழகத்தில் மலையேற்ற விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட தமிழக அரசின் மலையேற்றத் திட்டத்தில் பார்சன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து முக்கூர்த்திக் குடில் வரையிலான நடை சேர்க்கப்பட்டது. அது பகல் நடை. குடிலைக் கண்டு திரும்பிவிட வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் 1863இல் தோன்றிய ஆல்ப்சு மலையேற்றக் கழகம் அதே ஆண்டில் தன் முதற்குடிலைக் கட்டியது. அக்கழகக் குடில்களில் யாரும் கட்டணம் செலுத்தி இரவு தங்கலாம். நீலகிரியின் நிலை அதற்கு நேர்மாறானது. இதில் மலையேறுவோருக்குக் குறை இருப்பது இயல்பே. எனினும் குடில்களைச் சுற்றி எஞ்சியுள்ள சோலைகள் சிறியவை. வெட்டினால் மீள நெடுங்காலம் எடுப்பவை. நாள்தோறும் விருந்தினருக்குக் கணப்பு மூட்டும் விறகை அவை தாங்கா. ஆகவே இன்று பங்கித்தப்பலில் இரவு விளக்கு எரிந்தால், உள்ளே இருப்போர் பெரும்பாலும் வனக்காவலர், வேட்டைத் தடுப்புக் காவலர் அல்லது ஆய்வாளராகவே இருப்பர்.