பிரேக் லைட் எரியலையா? சுவிட்சை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகச் சாலை. இரவில் முன்னால் போகும் பழைய கார், பிரேக் லைட் எரியாமலே நின்றால் பின்னால் வரும் பைக்காரர் கதி?

உடனே புது சுவிட்ச் வாங்கிடாதீங்க. முதலில் ஃபியூஸ், அடுத்து பல்பு. இரட்டை இழை பல்பில் 5 வாட் இழை எரிந்தாலும், பிரேக்குக்கான 21 வாட் இழை அறுந்திருக்கலாம்.

இரண்டும் சரியா? சாவியை ஆன் செய்து, டெஸ்ட் லேம்ப் கிளிப்பை பாடியில் மாட்டி, பெடலுக்கு மேலுள்ள சுவிட்சின் இரு முனைகளையும் தொடுங்க. ஒன்றில் எப்போதும் கரண்ட் இருக்கணும். அதிலேயே இல்லைன்னா ஃபியூஸிலிருந்து வரும் வயரைத் தேடணும். மற்றதில் பெடலை மிதித்தால் மட்டும் வரணும். வரலைன்னா சுவிட்ச்தான் போச்சு.

வந்தும் லைட் எரியலையா? எர்த் மேல்தான் முதல் சந்தேகம். உப்பளக் காற்று வீசுற ஊராச்சே! பல்பு ஹோல்டரில் பச்சைக் களிம்பும், எர்த் போல்ட்டில் துருவும் ஏறியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிட்டு, பெடலை மிதிச்சுப் பாருங்க.