பக்கவாதம்: அடைப்பை அகற்றிய பின் நோயாளியின் நிலை என்ன?

பக்கவாதம் என்னும் நோயை நம் தோட்டப்புறங்களில் அறியாதார் இலர். பெரியோர் "பாரிசவாயு" என்று குறிப்பிடும் நோயும் இதுவே. நேற்றுவரை பால் வாளியைச் சுமந்து நடந்த ஒருவருக்கு இன்று ஒரு கையும் காலும் விழுந்துவிடுகின்றன, வாய் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது. இந்நோய் கண்டவர் எழுவதும் எழாததும் விதியின் செயல் என்றெண்ணி, வீட்டிலேயே படுக்கவைத்து எண்ணெய் தேய்க்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. இன்று அவ்வெண்ணம் பொருந்தாது. மூளையின் இரத்தக் குழாயில் சிக்கிய இரத்தக் கட்டியை, தலையைத் திறவாமலே, மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி வெளியே எடுக்கும் சிகிச்சை முறை நடைமுறைக்கு வந்துள்ளது. அச்சிகிச்சையைப் பெற்றோர் பின்னர் எவ்வாறு வாழ்கின்றனர், எத்தனை பேர் தேறுகின்றனர், எத்தனை பேர் தேறுவதில்லை என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்குவோம்.

அடைப்பும் கசிவும்

பக்கவாதம் இருவகைப்படும். மூளையிலுள்ள இரத்தக் குழாய் வெடித்து இரத்தம் கசிவது ஒரு வகை. குழாய் அடைபட்டு, மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் செல்லாமற் போவது மற்றொரு வகை. பக்கவாதம் காண்போரில் பெரும்பாலோர்க்கு நேர்வது இவ்விரண்டாம் வகையே. நாம் இங்குக் கூறவிருக்கும் சிகிச்சையும் இவ்வகைக்கே உரியது.

பால்மரம் வெட்டுவோர்க்கு இதனை விளக்குதல் எளிது. மரத்தில் வெட்டிய கோட்டின் வழியே இறங்கும் பால், சில மணி நேரத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. மறுமுறை வெட்டுவதற்கு முன்னர், கோட்டில் ஒட்டியிருக்கும் உறைந்த பாலை நாம் உரித்தெடுக்கிறோம். இரத்தமும் உறையும் தன்மையுடையதே. காயம் பட்டவிடத்தில் அது உறைவது நமக்கு நன்மை. ஆனால் இதயத்திலோ கழுத்துக் குழாயிலோ உறைந்த கட்டியொன்று இரத்தத்தோடு ஓடி மூளைக் குழாயில் சிக்குமாயின், அதற்கு அப்பாலுள்ள பகுதி உயிர்க்காற்றின்றித் தவிக்கத் தொடங்கும்.

மரம் மறுநாள்வரை காத்திருக்கும்; மூளை காத்திராது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், ஒரு நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என 2006ஆம் ஆண்டில் வெளிவந்த மருத்துவக் கணக்கீடு ஒன்று காட்டிற்று. மடிந்த நரம்பணு மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் அதனைச் சுற்றி, இரத்தம் குறைந்து வாடியும் மடியாமலும் இருக்கும் பகுதி ஒன்று உண்டு. சிகிச்சை காப்பாற்ற முனைவது அப்பகுதியையே.

சிகிச்சை நடைபெறும் முறை

நோயாளி மருத்துவமனையை அடைந்ததும் முதலில் தலையை சி.டி. ஸ்கேன் கருவியால் படமெடுப்பர். நேர்ந்திருப்பது அடைப்பா, கசிவா என்பதைக் கண்ணால் பார்த்தோ நாடி பிடித்தோ உறுதிப்படுத்த இயலாது. அடைப்பே என்று தெரிந்து, நோய் தொடங்கி நாலரை மணி நேரத்திற்குள் நோயாளி வந்திருந்தால், கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசிவழி செலுத்துவர். அம்மருந்தை ஏற்கக்கூடாத சிலரும் உளர். அதனை மருத்துவர் ஆராய்ந்து முடிவு செய்வார்.

பெரிய குழாயைப் பெரிய கட்டி அடைத்திருந்தால், மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. அத்தகையோர்க்கே குழாய்வழிச் சிகிச்சை உதவுகிறது. தொடையின் மேற்பகுதியிலோ மணிக்கட்டிலோ உள்ள இரத்தக் குழாயில் சிறு துளையிட்டு, நீண்ட மெல்லிய குழாயைச் செலுத்துவர். எக்ஸ்ரே திரையில் பார்த்தவாறே அதனைக் கழுத்துவழி மூளைக்குக் கொண்டு செல்வர். அதன் நுனியில் விரியும் சிறு கம்பிவலையில் கட்டியைச் சிக்கவைத்து இழுப்பர். அல்லது உறிஞ்சி எடுப்பர். வழி திறந்ததும் இரத்தம் மீண்டும் ஓடத் தொடங்கும்.

தேறுதலை அளக்கும் படிகள்

"பிழைத்தாரா?" என்ற ஒரு கேள்வியால் மட்டும் இச்சிகிச்சையின் பயனை அளக்க முடியாது. ஜான் ராங்கின் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1957இல் வகுத்த படிமுறை பின்னர்த் திருத்தப்பட்டு, உலகெங்கும் வழங்கி வருகிறது. நோய் கண்டு மூன்று மாதம் கழித்து நோயாளி எப்படியில் நிற்கிறார் என்று பார்ப்பர். எக்குறையும் இல்லாதவர் 0ஆம் படியினர். சிறு அறிகுறிகள் இருப்பினும் வழக்கமான வேலைகள் யாவற்றையும் செய்பவர் 1ஆம் படியினர். முன்செய்த வேலைகள் அனைத்தையும் செய்ய இயலாவிடினும், பிறர் துணையின்றித் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்பவர் 2ஆம் படியினர். தாமே நடந்தாலும் சிலவற்றிற்கு உதவி வேண்டுபவர் 3, துணையின்றி நடக்க இயலாதவர் 4, படுத்த படுக்கையானவர் 5, இறந்தவர் 6.

முதல் மூன்று படிகளில், அதாவது 0 முதல் 2 வரை, இருப்போரையே "சொந்தக் காலில் நிற்பவர்" என மருத்துவர் கணக்கிடுகின்றனர். 2ஆம் படியிலுள்ளவர் தாமே குளிப்பார், உடுத்துவார், உண்பார்; ஆனால் விடியற்காலையில் எழுந்து முழு நிரையையும் வெட்ட அவரால் இயலாமற் போகலாம். "நன்கு தேறினார்" என்று மருத்துவர் கூறுவதும், குடும்பத்தார் எதிர்பார்ப்பதும் எப்போதும் ஒன்றாக இரா. இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

ஆராய்ச்சிகள் கூறுவன

இச்சிகிச்சை எடுத்த எடுப்பில் வெற்றி பெறவில்லை. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்று ஆராய்ச்சிகள், மருந்து மட்டும் பெற்றோரைவிடக் குழாய்வழிச் சிகிச்சை பெற்றோர் மேலாகத் தேறவில்லை எனக் கூறின. அக்காலக் கருவிகள் குறைபாடுடையன. சிகிச்சையும் பெரும்பாலும் தாமதித்தே தொடங்கிற்று. பின்னர்க் கருவிகள் சீர்பெற்றன. பெரிய குழாயில் அடைப்புள்ளோரைப் படமெடுத்துத் தேர்ந்தெடுக்கும் முறையும் வந்தது. நெதர்லாந்து நாட்டின் 16 மருத்துவமனைகளில் 500 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2015இல் அச்சேறியது. குழாய்வழிச் சிகிச்சை பெற்றோரில் 100க்கு ஏறத்தாழ 33 பேரும், பெறாதோரில் 19 பேரும் மூன்று மாதத்தில் சொந்தக் காலில் நின்றனர். ஈராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்நன்மை மறையவில்லை. 37 பேருக்கு 24 பேர் என்ற அளவில் நின்றது.

அதே காலத்தில் வேறு நாடுகளில் நடந்த நான்கு ஆராய்ச்சிகளையும் இதனுடன் சேர்த்து, மொத்தம் 1,287 நோயாளிகளின் கணக்கு 2016இல் தொகுக்கப்பட்டது. அதில் சிகிச்சை பெற்றோரில் 100க்கு 46 பேரும், பெறாதோரில் 26 அல்லது 27 பேரும் சொந்தக் காலில் நின்றனர். ஐவருக்குச் சிகிச்சை அளித்தால், அவர்களுள் ஏறத்தாழ இருவர் ஒரு படியேனும் மேலான நிலையை அடைகின்றனர். எண்பது வயதைக் கடந்தோர்க்கும் பயன் காணப்பட்டது. ஆதலின், "வயதாகிவிட்டது, இனி எதற்கு?" என்று நாமே தீர்ப்பளித்தல் தகாது.

மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. அத்தொகுப்பில் மூன்று மாதத்திற்குள் இறந்தோர், சிகிச்சை பெற்றோரில் 100க்கு 15 பேர். பெறாதோரில் 19 பேர். இவ்வேறுபாடு உறுதியாகக் கூறத்தக்க அளவினதன்று. எனவே இச்சிகிச்சையின் முதன்மையான பயன், ஊனத்தைக் குறைப்பதே எனக் கொள்ளலாம். மூளைக்குள் ஆபத்தான கசிவு ஏற்படுவது இரு சாராரிடத்தும் 100க்கு 4 பேர் என்ற அளவிலேயே இருந்தது.

வழி திறந்தும் தேறாதது ஏன்?

அதே கணக்கில், சிகிச்சை பெற்ற 100 பேரில் 71 பேருக்கு அடைபட்ட குழாய் நன்கு திறந்துகொண்டது. ஆயினும் சொந்தக் காலில் நின்றோர் 46 பேரே. வாய்க்காலை வெட்டித் திறந்தாலும் முன்பே காய்ந்த பயிர் தளிர்ப்பதில்லை அன்றோ? வழி திறப்பதற்கு முன்னரே மூளையின் எவ்வளவு பகுதி மடிந்தது என்பதே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நோயாளியின் வயது, நோயின் கடுமை, இரத்தத்தில் சர்க்கரையின் அளவு, பக்கத்துச் சிறு குழாய்கள் அளிக்கும் துணை ஆகியனவும் காரணங்களாகும்.

இவற்றுள் நம் கையில் இருப்பது நேரம் ஒன்றே. மருத்துவமனை வாயிலை அடைந்தது முதல் குழாய் திறக்கும்வரை ஆகும் நேரத்தில் 15 நிமிடம் குறைந்தால், குழாய் திறக்கப்பெற்ற 1,000 பேரில் மேலும் 25 பேர் சொந்தக் காலில் நிற்பர் என மற்றொரு கணக்கீடு தெரிவித்தது. மருத்துவமனைக்குள் கழியும் கால் மணிக்கே இத்துணை மதிப்பு உண்டெனில், வீட்டில் "சற்றுப் பார்ப்போம்" என்று கழிக்கும் மூன்று மணி நேரத்தின் விலையை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

தாமதித்தோர்க்கெல்லாம் கதவு மூடிவிட்டது என்பதும் சரியன்று. 2018இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், நோய் தொடங்கி 6 முதல் 24 மணி நேரம் கழித்து வந்தோரில், காப்பாற்றத்தக்க பகுதி எஞ்சியிருந்தோரை மட்டும் படமெடுத்துத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் சிகிச்சை பெற்றோரில் 100க்கு 49 பேர் தேறினர். பெறாதோரில் 13 பேரே தேறினர். ஆயினும் அத்தகைய நிலையில் இருப்போர் சிலரே. 24 மணி நேரம் இருக்கிறதென்று எவரும் காத்திருத்தல் கூடாது.

நாம் செய்யவேண்டுவன

முகம், கை, பேச்சு, நேரம் என்னும் நான்கு சொற்களை வீட்டிலுள்ள சிறுவர் உட்பட அனைவரும் மனத்தில் இருத்துக. சிரிக்கச் சொன்னால் முகம் ஒருபுறம் கோணுகிறதா? இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா? பேச்சுக் குழறுகிறதா? இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 999ஐ உடனே அழைத்து, பக்கவாதம் என ஐயுறுவதாகக் கூறுக. தோட்ட அலுவலகத்திற்கும் சொல்லி அனுப்பி, வாயிற்கதவைத் திறந்து வைத்து, முதன்மைச் சாலையில் ஒருவரை நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டச் செய்க.

நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்க. விடியற்காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால், இரவு படுக்கச் சென்ற நேரமே அதுவாகும். மருத்துவர் முதலில் கேட்பது இதனையே. நோயாளி வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளையும் உடன் எடுத்துச் செல்க.

உணவோ நீரோ தருதல் கூடாது. விழுங்கும் ஆற்றல் குறைந்திருந்தால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். தாமாகவே ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தலும் கூடாது. கசிவாக இருப்பின் அது தீமை பயக்கும். எண்ணெய் தேய்ப்பதிலும் மந்திரிப்பதிலும் நேரத்தைப் போக்கவேண்டா. அறிகுறிகள் தாமே மறைந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பெரிய தாக்குதலுக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

குழாய்வழிச் சிகிச்சை எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. சில பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே நடைபெறுகிறது. ஆதலால் நோயாளியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அனுப்ப நேரலாம். மருத்துவர் ஒப்புதல் கேட்கும்போது முடிவு செய்யத்தக்க உறவினர் ஒருவர் உடனிருத்தல் இன்றியமையாதது.

வீடு திரும்பிய பின்

கட்டி நீங்கியதோடு கடமை முடிவதில்லை. நடைப்பயிற்சி, கைப்பயிற்சி, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றை மருத்துவமனையில் தொடங்கி வீட்டிலும் தொடர்ந்து செய்தல் வேண்டும். இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் தரப்படும் மாத்திரைகளை, உடல் நன்றாயிருக்கிறது என்று இடையில் நிறுத்துதல் கூடாது. புகைபிடித்தலை அறவே விடவேண்டும். பழைய வேலைக்குத் திரும்ப இயலாத சந்தாதாரர், சொக்சோ அலுவலகத்தை அணுகி, மறுவாழ்வுப் பயிற்சி குறித்தும், நிபந்தனைகளுக்குட்பட்டு வழங்கப்படும் உடல் இயலாமை ஓய்வூதியம் குறித்தும் விசாரித்தல் நன்று.

மருத்துவத்தின் கைத்திறன் வளர்ந்துள்ளது. ஆனால் அத்திறன் வேலை செய்யத் தொடங்குவது நோயாளி மருத்துவமனையை அடைந்த பின்னரே. அதற்கு முந்திய பொழுது முழுவதும் நம் பொறுப்பில் உள்ளது. இவ்விதழை வாசித்தோர், வாசிக்க இயலாத முதியோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் இச்செய்தியை எடுத்துரைப்பார்களாக.