மரத்தளம் பாவும் முன்

குளிர் மிகுந்த வட அமெரிக்காவில் வீட்டுத் தரைக்கு ஓக் மரப் பலகை பாவுவது நெடுநாள் வழக்கம். பலகைகளை வாங்கி வந்த அன்றே அறைய மாட்டார்கள். பாவவேண்டிய அறையிலேயே பல நாள் அடுக்கி வைப்பர். ஏன் இந்தத் தாமதம்?

மரம் காற்றின் ஈரத்தை ஏற்று விரியும், வறட்சியில் சுருங்கும். நான் பணியாற்றிய பள்ளியில் ஐப்பசி அடைமழையில் திறக்க மறுக்கும் கதவு, பங்குனியில் தாழிடாவிட்டால் தானே திறந்துகொள்ளும். ஆயினும் மரம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் விரிவதில்லை. நீளவாட்டில் மாற்றம் மிகச் சொற்பம்; அகலவாட்டில்தான் தொல்லை. 80 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓக் பலகையின் ஈரம் நூற்றுக்கு 4 பங்கு கூடினால், அது 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரியும். இது ஒரு பொருட்டா என்பீர்கள். 4 மீட்டர் அகல அறைக்கு 50 பலகைகள் வேண்டும், பெருக்கிப் பாருங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல்! இடமின்றி நெருக்குண்ட பலகைகள் மேலெழும்பிவிடும்.

சுவரோரம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் இடம் விடுவதுண்டு. மேற்கண்ட கணக்கிற்கு அது போதாது. ஆகவேதான் பலகையின் ஈரம் அறைக் காற்றோடு ஒத்துவரும் வரை காத்திருக்கிறார்கள். ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் காடியில் பொருந்தும். நாக்கின் வழியே சாய்த்து அறைந்த ஆணி கண்ணுக்குத் தெரியாது. சுவரோர இடைவெளியை ஒரு சட்டத்தால் மறைப்பர். அச்சட்டத்தைச் சுவரில் அறைதல் வேண்டும், தளத்தில் அன்று. தளத்தோடு பிணைத்துவிட்டால் பலகைகள் அசைய இயலாது.